குறிஞ்சியின் பொழுது: ராஜம் கிருஷ்ணன் நாவல்களில் முதன்மையானது எது?

ராஜம் கிருஷ்ணன் (1925–2014) எழுதிய நாவல்களில் முதலிடம் எதற்கு என்ற கேள்வி எழும்போது, விருதை அளவுகோலாகக் கொள்வோர் 1973ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற 'வேருக்கு நீர்' நாவலைச் சுட்டுவர். உழைக்கும் மக்களின் வாழ்வை இலக்கியம் எவ்வளவு நெருங்கிச் சென்றது என்பதை அளவுகோலாகக் கொள்வோர் தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்', காவிரிப் படுகையின் விவசாயக் கூலிகளைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்' ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்வர். இவ்விரு தரப்பினரும் 1963இல் வெளிவந்த 'குறிஞ்சித் தே'னைத் தொடக்ககாலச் சாதனை என்று பாராட்டிவிட்டு, முதிர்ந்த படைப்புகள் அதற்குப் பின்னரே வந்தன என்று கருதிக் கடந்துவிடுவதுண்டு. நீலகிரியின் படகர் வாழ்வை மூன்று தலைமுறைகளின் நீளத்தில் சொல்லும் அந்த நாவலே இந்த எழுத்தாளரின் முதன்மைப் படைப்பு என்பதும், பின்னாளைய நாவல்கள் அடைந்த கூர்மைக்கு ஈடாக இழந்துவிட்ட ஓர் அரிய பண்பு அதில் முழுமையாக இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரே படைப்பாளியின் நாவல்களைத் தம்முள் ஒப்பிடுவதற்குத் தனிப் பயன் உண்டு. இரு வேறு எழுத்தாளர்களை ஒப்பிடும்போது மொழித்திறன், உலகப் பார்வை, வளர்ப்பு, காலம் ஆகிய அனைத்தும் ஒருங்கே மாறிவிடுவதால், ஒரு நாவல் ஏன் மற்றொன்றைவிட உயர்ந்து நிற்கிறது என்பதற்கான காரணத்தைப் பிரித்தெடுப்பது கடினம். எழுதும் கை ஒன்றாகவே இருக்கும்போது, கைக்குக் கிடைத்த பொருளும் அப்பொருளோடு எழுத்தாளர் கொண்ட உறவும் எவ்வாறு வேறுபட்டன என்பது தெளிவாகத் தெரியும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் வாசகர்கள், உலகப் புகழ் பெற்ற 'செம்மீன்' பெரிதா, குட்டநாட்டின் பல தலைமுறைகளை அள்ளிக்கொண்ட 'கயறு' பெரிதா என்று விவாதிக்கும்போதும், சிவராம காரந்தின் வாசகர்கள் 1933இல் வந்த 'சோமன துடி'யையும் 1941இல் வந்த 'மரளி மண்ணிகெ'யையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போதும் அடியில் இருப்பது இக்கேள்வியே: ஒரே கூர்முனையில் குவியும் நாவலா, ஒரு நிலத்தின் நீண்ட காலத்தைத் தாங்கும் நாவலா, எதில் அந்த எழுத்தாளர் முழுமையாக வெளிப்படுகிறார்?

ராஜம் கிருஷ்ணன் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் மணம் முடிந்தது. முறையான உயர்கல்வி வாய்க்கவில்லை. வாசிப்பாலும் எழுத்தாலும் தம்மைத் தாமே கற்பித்துக்கொண்ட அவருக்கு, மின்பொறியாளரான கணவரின் பணியிட மாற்றங்களே பல நிலங்களை அறிமுகப்படுத்தின. அவ்வாறு வாய்த்த இடங்களுள் ஒன்று நீலகிரியின் குந்தா. 1950களின் பிற்பகுதியில் அங்கே கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியுடன் பெரும் நீர்மின் திட்டம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி முதலிய இடங்களில் அணைகள் கட்டப்பட்டு, மலையின் வயிற்றைக் குடைந்த சுரங்கங்களின் வழியே நீர் மின்நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1960இல் முதல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நாவலில் வரும் ஊரின் பெயர் மரகதமலை என்பதை இந்த எமரால்டு என்ற பெயரோடு சேர்த்துப் பார்த்தால், கற்பனை ஊர் எந்த மண்ணில் கால் ஊன்றியிருக்கிறது என்பது விளங்கும்.

இச்செய்தியில் பெரும்பாலும் கவனிக்கப்படாத கூறு ஒன்று உண்டு. மின்திட்டப் பணிக்காக மலையேறி வந்த குடியிருப்பைச் சேர்ந்தவர் அவர். மலைக்கு ஒளியையும் சாலையையும் வேலையையும் கொண்டுவந்த அதே திட்டம்தான் பள்ளத்தாக்குகளை நீரில் ஆழ்த்தியது. ஆகவே 'குறிஞ்சித் தே'னை எழுதியவர் மலைமக்களின் பக்கம் நின்று வெளியாரைக் குற்றஞ்சாட்டும் வழக்கறிஞராக இருக்க இயலாது. அணைக்குப் புகழ்மாலை சூட்டும் அரசு விளம்பர எழுத்தாளராக ஆகவும் அவர் மனம் ஒப்பவில்லை. பின்னாளில் எழுதிய நாவல்களில் எந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற உறுதி அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. இங்கு அந்த உறுதி இல்லை. அந்த இன்மையே இந்நாவலின் பெரும் பலமாக அமைந்தது.

பின்னாளைய நாவல்களுக்கு அவர் கையாண்ட முறை நன்கு அறியப்பட்டது. எழுத எடுத்துக்கொண்ட மக்களிடையே சென்று தங்கி, அவர்களோடு பேசி, தொழிலின் நுட்பங்களையும் கூலிக் கணக்கையும் வீட்டுப் பேச்சையும் திரட்டி, அத்தரவுகளின் மேல் கதையை எழுப்புவது அம்முறை. கோவா விடுதலையைப் பின்னணியாகக் கொண்ட 'வளைக்கரம்', சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர்களைப் பற்றிய 'முள்ளும் மலர்ந்தது', தென்கடலோர மீனவரைப் பற்றிய 'அலைவாய்க் கரையில்', தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறார்களைப் பற்றிய 'கூட்டுக் குஞ்சுகள்', பெண்சிசுக் கொலையைப் பற்றிய 'மண்ணகத்துப் பூந்துளிகள்', மணலூர் மணியம்மையின் வாழ்வைச் சொல்லும் 'பாதையில் பதிந்த அடிகள்' ஆகியவை இம்முறையின் விளைச்சல்கள். தமிழில் வேறெந்த நாவலாசிரியரும் இத்தனை வேறுபட்ட நிலங்களுக்குக் குறிப்பேட்டோடு சென்றதில்லை என்று சொல்லத்தக்க அளவு பரந்த உழைப்பு இது.

இந்த நாவல்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் தமிழ் வாசகருக்குத் திணைமரபு தானாகவே நினைவில் எழும். மலைக்கு ஒரு நாவல், வயலுக்கு ஒன்று, கடற்கரைக்கு இரண்டு, வறண்ட பள்ளத்தாக்கின் ஆறலைப்போருக்கு ஒன்று என்று அவை அமைந்துள்ளன. இந்த ஒப்புமையை மேலோட்டமாக விட்டுவிடாமல், தொல்காப்பியம் தரும் கருவிகளையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம். அந்நூல் ஒரு திணையின் பொருள்களை மூன்றாக வகுக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலாக அந்நிலத்தில் தோன்றுபவை கருப்பொருள், மாந்தரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். நிலத்தைச் சொன்ன மூச்சிலேயே பொழுதையும் முதற்பொருளாக வைத்தது தமிழ்க் கவிதையியலின் ஆழ்ந்த நோக்கு. ஒரு நிலத்துக்கு அதற்கே உரிய காலம் உண்டு என்பதும், அந்தக் காலத்தைப் பிடிக்காமல் நிலத்தை மட்டும் பிடிக்க முடியாது என்பதும் அதன் உட்கிடை.

இந்த அளவுகோலால் பார்த்தால் ராஜம் கிருஷ்ணனின் நாவல்களுக்கிடையே உள்ள வேறுபாடு துலங்கும். அவருடைய எல்லா நாவல்களிலும் கருப்பொருள் செறிவாக இருக்கிறது. தொழிலும் உணவும் வழிபாடும் பேச்சும் பிசகின்றிப் பதிவாகின்றன. பொழுதைப் பொறுத்தவரை 'குறிஞ்சித் தேன்' ஒன்றுதான் தன் காலத்தை நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மற்றவை தம் காலத்தை வெளியிலிருந்து, அதாவது வேலைநிறுத்தத்திலிருந்தோ இயக்கத்திலிருந்தோ அரசியல் நிகழ்விலிருந்தோ, பெற்றுக்கொள்கின்றன.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவுகளை மூடிப் பூத்துவிட்டு, விதையிட்டு மடிந்துபோகும் புதர்ச்செடி. 1934, 1946, 1958 ஆகியவை நாவலின் காலத்தைச் சூழ்ந்த பூப்பாண்டுகள். 1970, 1982, 1994, 2006, 2018 என்று அக்கணக்கு இன்றுவரை தொடர்கிறது. குறிஞ்சி எத்தனை முறை பூத்தது என்பதைக் கொண்டு மலைமக்கள் தம் வயதைச் சொன்னார்கள் என்ற வழக்கை ராஜம் கிருஷ்ணன் நாவலின் கால அச்சாக்கினார். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த கூதிரும் முன்பனியும் ஆகிய பெரும்பொழுது ஓராண்டுக்குள் அடங்கிவிடுவது. நாவலாசிரியரோ ஓராண்டுக்கு அப்பாற்பட்ட, ஒரு மனித வாழ்வில் ஐந்தாறு முறைக்கு மேல் வராத ஒரு பொழுதைக் கண்டெடுத்தார். ஒரு பூப்பில் சிறுவர்களாக இருப்போர் அடுத்ததில் மணமக்களாகவும், அதற்கடுத்ததில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களாகவோ பிள்ளைகளால் வெல்லப்பட்டவர்களாகவோ நிற்கிறார்கள். ஆண்டுகளைச் சொல்லி வரலாற்றை நினைவூட்டும் தேவை நாவலுக்கு அதிகம் எழாததற்கு இதுவே காரணம்.

கதையின் எலும்புக்கூடு எளியது. மரகதமலை ஹட்டியில் (படகர் தம் ஊரை ஹட்டி என்பர்) லிங்கையா, மாதன் என்ற சகோதரர்கள் வாழ்கின்றனர். உழைப்பாளியான லிங்கையாவின் மகன் ஜோகி; பொறுப்பற்ற மாதனின் மகன் ரங்கன். வழிபாட்டுத் தலத்தில் தூய்மை காத்து, மாடுகளைப் பேணி, நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் பணிக்கு ஒரு சிறுவன் தேவைப்படும்போது, ரங்கன் ஊரைவிட்டு உதகைக்கு ஓடுகிறான். ஜோகி அப்பணியை ஏற்கிறான். மறுபுறம் செல்வாக்குள்ள கரியமல்லரின் குடும்பத்தைச் சேர்ந்த கிருஷ்ணன் கல்வியின் வழியே மலைக்கு அப்பாலுள்ள உலகத்தை எட்டுகிறான். கிருஷ்ணன்மேல் மனம் வைத்த பாரு, பணத்தோடு திரும்பிவந்த ரங்கனுக்கு மனைவியாகிறாள். அதிலிருந்து இரு குடும்பங்களுக்கும் இடையே வேரூன்றும் பகை தலைமுறை கடந்து நீள்கிறது. ஜோகியின் மகன் நஞ்சன் படித்துப் பொறியாளனாகும் காலத்தில், மலையில் அணைத்திட்டம் வந்து சேர்கிறது.

இந்த மூன்று இளைஞர்களும் மூன்று வகையான காலத்தை ஏந்தி நிற்கிறார்கள் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜோகியின் நெருப்பு ஒவ்வொரு நாளும் புதிதாகக் காக்கப்பட வேண்டியது. அதில் முன்னேற்றம் என்பதற்கு இடமில்லை, தொடர்ச்சி ஒன்றே அதன் அறம். கிருஷ்ணனின் கல்வி ஏணியைப் போன்று மேல்நோக்கியே செல்வது. ரங்கனின் பணமோ சந்தையின் காலத்தில் இயங்குவது. விலை ஏறும் நாளில் பெருகி, சூதிலும் குடியிலும் கரைந்துபோவது. நாவலாசிரியர் இவர்களுள் எவரையும் வெறும் கருத்தின் உருவமாகச் சுருக்கவில்லை. ரங்கனின் வீழ்ச்சிக்கு முன்னால், தாயற்ற வீட்டில் பசியோடும் வெறுப்போடும் வளர்ந்த சிறுவனை வாசகர் அறிந்துகொள்கிறார். ஜோகியின் நன்மையிலும் ஒரு செயலின்மை இருக்கிறது என்பதை நாவல் மறைக்கவில்லை.

ரங்கன் பணம் சேர்த்த உலகம் வரலாற்று ஆதாரம் உடையது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்தபின், உதகை ஆங்கிலேயரின் கோடைவாசத் தலமானது. சாமையும் ராகியும் விளைந்த நிலங்களில் உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் இடம்பிடித்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் மலைரயில் வந்தபின் மலையின் விளைச்சல் சமவெளியின் மண்டிகளோடு இறுகப் பிணைந்துவிட்டது. மண்டிக்காரர்களின் பிடியிலிருந்து படகர் விவசாயிகளை மீட்பதற்காக, அச்சமூகத்தின் முன்னோடித் தலைவரான ராவ் பகதூர் ஆரி கவுடர் 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை அமைத்தார். உண்ணும் தானியம் விளைந்த மண்ணில் விற்கும் கிழங்கு விளைந்தபோது ஒரு ஹட்டியின் உள்ளுறவுகள் என்னவாயின என்பதே நாவலின் நடுப்பகுதியைத் தாங்கும் கேள்வி. பண்டமாற்றும் கடமையும் முறைமையும் இருந்த இடத்தில் கடனும் வட்டியும் பெருமையும் வந்து அமர்கின்றன. மலையைப் பற்றிய பல எழுத்துகள் இந்த மாற்றத்தை ஆங்கிலேயரின் வருகை என்ற ஒற்றை நிகழ்வாகச் சொல்லிவிடும். இந்நாவல் அதை அண்ணன் தம்பிகளின் அடுப்படிக்குள் நிகழ்வதாகக் காட்டுகிறது.

பாருவைப் பற்றித் தனியே பேசியாக வேண்டும். தமிழ் நாவலில் மண்ணை நேசிக்கும் பெண்கள் பலர் உண்டு. ஆனால் அந்த நேசம் அவர்களில் பலருக்கு மரபின் அடையாளமாகவோ தாய்மையின் நீட்சியாகவோ எழுதப்பட்டிருக்கும். பாருவுக்கு மண் என்பது பறிபோன தேர்வுக்குப் பதிலாகத் தானே உருவாக்கிக்கொண்ட வாழ்வு. காதலும் மணமும் பிறர் முடிவுகளாகிவிட்டபின், கொத்தும் களைவெட்டும் மட்டுமே அவளுடைய சொந்த முடிவுகளாக எஞ்சுகின்றன. ஜோகியின் மகனைத் தன் மகனாக வளர்த்து, தன் உழைப்பை அவன் படிப்பாக மாற்றுகிறாள். அந்தப் படிப்பு அவனை அணைகட்டும் பொறியாளனாக்குகிறது. அணையோ நிலத்தைக் கேட்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் செயற்கையாகக் கோக்கப்பட்டதல்ல, எந்த ஒருவரும் வில்லனல்லர். தன் உடலுழைப்பின் பயனே தன் மண்ணைக் கேட்டு வந்து நிற்கும் நிலையை, தமிழில் வளர்ச்சித் திட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த நாவலும் இவ்வளவு முன்னதாக, இவ்வளவு உள்ளிருந்து எழுதியதில்லை என்றே தோன்றுகிறது.

இதற்கு எதிரே 1979இல் வந்த 'கரிப்பு மணிக'ளை வைத்துப் பார்ப்போம். இப்போட்டியில் 'குறிஞ்சித் தே'னுக்கு உண்மையான எதிராளி அதுதான். பல இடங்களில் அது மேம்பட்டு நிற்கிறது. தூத்துக்குடியின் அளங்களில் பாத்தி மிதித்து, வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்த்து, கண்ணையும் காலையும் உப்புக்குத் தின்னக் கொடுக்கும் தொழிலாளரின் உடலை அந்நாவல் எழுதியிருக்கும் விதம் ஒப்பற்றது. வெயிலும் உப்பும் உடலில் செய்யும் வேலையை அடுக்கிச் சொல்லும் பகுதிகளில் மொழி சிக்கனமாகவும் கடுமையாகவும் இருக்கிறது. 'குறிஞ்சித் தே'னில் ஆங்காங்கே தலைகாட்டும் வருணனை மிகை இங்கே அறவே இல்லை. நாயகி பொன்னாச்சி அளத்து வேலைக்குள் நுழையும்போது கங்காணியின் பார்வையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதே அவளுக்கு முதல் தொழிலாகிவிடுகிறது என்பதை ராஜம் கிருஷ்ணன் எழுதும்போது, பெண் உழைப்பைப் பற்றிய அவருடைய சிந்தனை எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பது புலப்படும். 'குறிஞ்சித் தே'னை எழுதியவர் பாருவின் உழைப்பைப் போற்றினார். 'கரிப்பு மணிக'ளை எழுதியவர் பொன்னாச்சியின் உழைப்புக்குக் கணக்குக் கேட்டார். இந்த நகர்வு பெரிது, மதிக்கத்தக்கது.

ஆயினும் கதை முன்னேற முன்னேற, ராமசாமி போன்ற விழிப்புற்ற தொழிலாளியின் வருகையோடு நாவலின் திசை முன்கூட்டியே வகுக்கப்பட்டுவிடுகிறது. சுரண்டல், விழிப்பு, ஒன்றுசேர்தல், எதிர்ப்பு என்ற வரிசை தொழிற்சங்க வரலாற்றிலிருந்து வருவது; உப்பின் காலத்திலிருந்து வருவதல்ல. உப்புக்கும் தனிப்பொழுது உண்டு. மழை வந்தால் அளம் அழியும், வேலை நிற்கும், கடன் ஏறும். கோடை வந்தால் விளைச்சல் பெருகும், உடல் தேயும். இந்தப் பொழுது நாவலில் தகவலாக இடம்பெறுகிறது; கதையை ஆளும் விசையாக மாறவில்லை. இதனால் முடிவை நெருங்கும் வாசகர், மனிதர்களைவிட நியாயத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படத் தொடங்குகிறார்.

'சேற்றில் மனிதர்கள்' நாவலுக்கும் ஏறத்தாழ இதே மதிப்பீடு பொருந்தும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த மண்ணின் நினைவை அகற்றிவிட்டு அதை வாசிக்க முடியாது. அந்நாவலின் அறச்சினம் தேவையானது. ஆனால் சினத்தின் தெளிவு பாத்திரங்களின் தடுமாற்றங்களுக்கு இடம் குறைத்துவிடுகிறது. 'அலைவாய்க் கரையில்' நாவலில், மீனவரின் விளைச்சலில் திருச்சபைக்கு உரிய பங்கு எது என்ற பூசல் நம்பிக்கைக்கும் பசிக்கும் இடையே மனிதரை நிறுத்துவதால், கடலோர நாவல்களுள் அதுவே உள்மோதல் மிகுந்தது. அதற்கு இன்னும் அதிக வாசகர்கள் கிடைத்திருக்க வேண்டும்.

விருது பெற்ற 'வேருக்கு நீர்' காந்தி நூற்றாண்டையும் நக்சல்பாரி எழுச்சிக்குப் பிந்தைய தீவிரத்தையும் ஒரே களத்தில் நிறுத்துகிறது. காந்தியச் சூழலில் வளர்ந்த யமுனை என்ற பெண், தான் நம்பிய அறம் தன் காலத்துக்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ள நேர்கிறது. கேள்வி நேர்மையானது. அதை எடுத்துச் செல்வதற்கு ஏற்ற மண் நாவலுக்குக் கிட்டாததால், உரையாடல்கள் வாழ்விலிருந்து எழாமல் கொள்கையிலிருந்து எழுகின்றன. இதே காந்தியம் 'குறிஞ்சித் தே'னில் எவ்வாறு வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். காந்தி 1934இல் குன்னூரில் தங்கி நீலகிரியில் சுற்றுப்பயணம் செய்தார். அக்காலத்துத் தேசியக் காற்று மரகதமலையைத் தொடும்போது, அது ஒரு கொள்கையாக வராமல், கிருஷ்ணனைப் போன்ற படித்த இளைஞனின் நடத்தையாகவும், அதைக் கண்டு ஊர் கொள்ளும் ஐயமும் பெருமையுமாகவும் வருகிறது.

'குறிஞ்சித் தே'னுக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றுள் வலுவானவை உண்டு. முதலாவது, படக மொழி பேசும் மக்களின் உள்ளத்தைத் தமிழில், அதுவும் சமவெளி நடுத்தர வகுப்பின் எழுத்துத் தமிழில் எழுதியது. ஹட்டி, ஹெத்தப்பர் போன்ற சொற்களால் நிறம் கூட்டப்பட்டாலும், பேச்சின் ஓசை படகர்களுடையது அல்ல. 'கரிப்பு மணிகள்' எழுதும்போது வட்டார வழக்கைக் கையாளும் துணிவை ராஜம் கிருஷ்ணன் பெற்றுவிட்டார். 1963இல் அத்துணிவும் அதற்கு வாய்ப்பும் இருக்கவில்லை. ஆயினும் பிறிதொரு மொழியைப் பேசும் மக்களைத் தமிழில் எழுதும்போது, சிதைந்த தமிழை அவர்கள் வாயில் திணித்து வேடிக்கைப் பொருளாக்காமல், நிமிர்ந்த நடையில் பேசவைத்தது அவர்களுக்குச் செய்த மரியாதை என்றும் கொள்ளலாம்.

இரண்டாவது குறை ஆழமானது. நீலகிரியின் பழைய வாழ்வு படகர்களால் மட்டும் ஆனதன்று. எருமை வளர்க்கும் தோடர்கள், இரும்பும் மண்கலமும் இசையும் தரும் கோத்தர்கள், காட்டுப்பொருளும் மந்திரமும் அறிந்த குறும்பர்கள் ஆகியோரோடு படகர் கொண்டிருந்த கொடுக்கல் வாங்கலே அந்த மலையின் பொருளியலாக இருந்தது. நாவலில் இவர்கள் விளிம்பில்தான் நிற்கின்றனர். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த கூலித் தொழிலாளரின் வாழ்வும் இந்நாவலின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் நீலகிரியில் குடியேற்றப்பட்டது நாவல் வெளிவந்தபின் நிகழ்ந்தது என்பதால், அதை நாவலில் தேடுவது முறையன்று. ஆனால் அதற்கு முன்பே தோட்டங்களில் சமவெளித் தொழிலாளர் திரளாக இருந்தனர். 1962இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை அமைந்ததையும் அதன்பின் படகர்களே சிறு தேயிலை விவசாயிகளாக மாறியதையும் அறிந்த இன்றைய வாசகருக்கு, மலையின் அடுத்த அத்தியாயத்தின் வாயிலில் நாவல் நின்றுவிட்டது என்ற உணர்வு ஏற்படும்.

மூன்றாவது, நாவலின் முடிவை நோக்கிய நகர்வு. பகைகொண்ட குடும்பங்களின் இளைய தலைமுறையைச் சேர்ந்த நஞ்சனும் விஜயாவும் காதலால் இணைவது, நீண்ட காலம் புரையோடிய புண்ணை எளிதில் ஆற்றிவிடுகிறது. பாருவுக்கு நேர்ந்ததை அவ்வளவு விரிவாகக் காட்டிய ஆசிரியர், அந்த இழப்புக்கு அடுத்த தலைமுறையின் மணத்தை ஈடாக வைப்பது கணக்கை நேர்செய்யும் ஆவலால் என்றே கருத வேண்டியுள்ளது. இந்தப் பகுதியில் நடை விரைகிறது. நிகழ்ச்சிகள் காட்டப்படுவதை விடச் சொல்லப்படுவது மிகுகிறது. முதற்பாதியின் பொறுமை முழுவதும் நீடித்திருந்தால் தமிழின் மிகச் சிறந்த நாலைந்து நாவல்களுள் ஒன்றாக ஐயமின்றி இது எண்ணப்பட்டிருக்கும்.

இக்குறைகளோடும் இந்நாவலை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், ஆசிரியரின் அறிவு அதில் எங்கிருந்து வந்தது என்பதுதான். உப்பளத்துக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் அவர் ஒரு கேள்வியோடு சென்றார். கிடைத்த விடைகளை நேர்மையாகப் பதிவு செய்தார். குந்தாவில் அவர் வாழ நேர்ந்தது. கேள்விகள் வாழ்ந்தபின் எழுந்தன. தேடிச் சென்று திரட்டிய அறிவு ஒரு நாவலுக்குக் கருப்பொருளைக் குறைவின்றித் தரும். பொழுதைத் தருவதற்கு ஓரிடத்தில் காத்திருக்க வேண்டும், அந்த இடத்தின் அழிவில் தனக்கும் பங்கு உண்டோ என்று கலங்கவும் வேண்டும். அணைக்கட்டுக் குடியிருப்பின் வீட்டில் வாழ்ந்துகொண்டே எதிர்ச்சரிவின் ஹட்டியைப் பார்த்த எழுத்தாளருக்கு அவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தன.

ராஜம் கிருஷ்ணன் உயிரோடிருக்கும்போதே, 2009இல், தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. 'குறிஞ்சித் தேன்' உமா நாராயணன், பிரேமா சீதாராம் ஆகியோரின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. நூல்கள் எளிதில் கைக்கு எட்டும் நிலையில், வெளிவந்த கால வரிசையில் வாசிக்கும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது பயன் தரும். 'கரிப்பு மணிகள்' முதலில் வாசிக்கப்பட வேண்டும். அதன் கூர்மையும் கணக்குக் கேட்கும் நேர்மையும் மனத்தில் பதிந்தபின் 'குறிஞ்சித் தே'னுக்கு வரும் வாசகர், ரங்கனின் உருளைக்கிழங்குப் பணத்தையும் பாருவின் கூலியற்ற உழைப்பையும் ஆசிரியர் 1963இல் பார்த்ததைவிடத் தெளிவாகப் பார்ப்பார். ஆசிரியர் தீர்ப்பு வழங்காமல் விட்ட இடங்களில் நின்று தாமே எடைபோடவும் அவரால் முடியும்.